மெலானியோ வண்டிக்கு மீட்டர் வைத்தது

மெலானியோவின் பிக்கப் வண்டியில் மீட்டர் எதுவும் வேலை செய்யாது என்பது எங்கள் மலைக்கிராமமான பாலோ பிராவோவில் எல்லோருக்கும் தெரியும். டேஷ்போர்டில் வட்டவட்டமாகக் கண்ணாடிகள் இருக்கும். உள்ளே முட்கள் எல்லாம் இடதுபக்கம் சாய்ந்து படுத்திருக்கும். வண்டி மலையேறினாலும் படுத்திருக்கும், நின்றாலும் படுத்திருக்கும். டீசல் பார்க்க ஒரு கொய்யாக் குச்சி வைத்திருந்தார். தொட்டிக்குள் விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். மற்றதெல்லாம் காதுதான்.

"எஞ்சினுக்கு வாய் இருக்கு. அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே வருது. அப்புறம் எதுக்கு அது மூஞ்சியைப் பாத்துக்கிட்டு ஓட்டணும்?" என்பார்.

வெறும் பீற்றல் இல்லை அது. எதிரே ஏறி வருகிற வண்டியைக் கையை நீட்டி நிறுத்துவார். "உன் ஃபேன் பெல்ட்டு இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அறுந்துரும்," என்பார். அறுந்துவிடும்.

நான் எர்மினியா. தார்ச்சாலை முடிந்து செம்மண் தொடங்குகிற இடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் சரக்கு எடுக்க மெலானியோ வண்டியில்தான் போனாவோ சந்தைக்கு இறங்குவேன். எனக்கு முழங்கால் வலி என்பதால் முன்சீட்டு. பின்னால் முட்டைக்கோஸ் மூட்டையும் சௌசௌ கூடைகளும், அவற்றின் மேல் ஆட்களும்.

அந்த வருடம் நவம்பரில் பிடித்த மழை டிசம்பரிலும் விடவில்லை. கடையில் உப்பு மூட்டை கசிந்து தரையில் ஓடியது. தீக்குச்சி உரசினால் மருந்துதான் உதிர்ந்தது. பூண்டு வயல்களில் தண்ணீர் நின்று, ஊர் முழுக்க அழுகல் வாடை. மேகம் காலையில் பள்ளத்திலிருந்து ஏறி வந்து வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும்.

நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, சந்தை முடிந்து ஏறி வந்துகொண்டிருந்தோம். பின்னால் சிமெண்டு மூட்டை, கோழித்தீவன மூட்டை, ஏழெட்டுப் பேர். பாதி மலையில் எஞ்சினிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினால் வருமே, அந்தச் சத்தம். மெலானியோ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கவனித்துவிட்டார், ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று நினைத்தேன். சத்தம் பெரிதானது. பின்னாலிருந்து கூரையைத் தட்டினார்கள். அவர் கியரை மாற்றி இன்னும் அழுத்தினார்.

"அண்ணே, சத்தம் கேக்கலையா?" என்றேன்.

திரும்பிச் சிரித்தார். "என்ன சத்தம்?"

அதற்குள் பானட்டின் இடுக்கிலிருந்து நீராவி பொங்கிக் கண்ணாடியை மறைத்தது. வண்டியை ஓரங்கட்டினார். அவசரத்தில் வெறுங்கையால் ரேடியேட்டர் மூடியைத் தொட்டு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் இறங்கி ஓடைத்தண்ணீர் மொண்டு வந்தார்கள். "என்ன மெலானியோ, தூங்கிட்டியா?" என்று யாரோ கேலி செய்தார்கள். அவர் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட வாழ்ந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால் ஒரு மனிதன் நிற்பானே, அப்படி.

மறுநாள் காலை ஒனேலியா கடைக்கு வந்தாள். மெலானியோவின் மனைவி. சர்க்கரை கேட்டாள். கட்டிக் கொடுத்த பிறகும் போகவில்லை.

"எர்மினியாக்கா, நேத்து நீங்க முன்னாடிதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"அவருக்குக் கேட்டுதா?"

நான் தராசுத் தட்டைத் துடைத்தேன். அவளே சொன்னாள்.

"ஈஸ்டருக்கு முன்னாடியே எனக்குச் சந்தேகம்க்கா. சேவல் கூவுறது தெரியாமத் தூங்குறாரு. குக்கர் விசில் அடிச்சு அடிச்சு அடங்குது, பக்கத்துலயே உக்காந்து காப்பி குடிக்கிறாரு. நான் பேசும்போது என் கண்ணைப் பாக்குறதில்ல, வாயைப் பாக்குறாரு. கல்யாணமான புதுசுல கூட இப்படிப் பாத்ததில்ல, மனுஷன் கிழவனானதும் ஆசை வந்திருச்சோன்னு நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. தெரிஞ்சா அவரு வண்டில யாரு ஏறுவா?"

"டாக்டர்கிட்ட?"

"டாக்டரா? காதுல சளி கட்டியிருக்குன்னு எலுமிச்சை இலையை வாட்டிப் பிழிஞ்சுக்கிறாரு. அவருக்குத் தெரியும்க்கா. எனக்குத் தெரியும்ங்கறதும் அவருக்குத் தெரியும். ரெண்டு பேரும் அதைச் சுத்திச் சுத்தி நடக்கிறோம், கூடத்துல பாம்பு படுத்திருக்கிற மாதிரி." இடுப்புத் துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் தம்பியை வரச் சொல்லியிருக்கேன். வண்டிக்குப் புது மீட்டர் போடட்டும். கண்ணு நல்லாத்தான இருக்கு."

ஒனேலியாவின் தம்பி தெல்ஃபின் போனாவோவில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் மழையோடு வந்து இறங்கினான். கருவிப் பெட்டியைப் பின்சீட்டில் ரப்பர் பட்டையால் கட்டியிருந்தான். என் கடையின் தகரக் கொட்டகைக்கு அடியில்தான் ஈரம் படாத இடம் என்பதால் பிக்கப்பை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதனால் எல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது.

தெல்ஃபின் அட்டைப்பெட்டியைத் திறந்து மூன்று மீட்டர்களை என் கல்லாமேசை மேல் வைத்தான். கறுப்பு முகம், வெள்ளை எழுத்து, சிவப்பு முள். ஒன்று எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்துக்கு, ஒன்று தண்ணீர்ச் சூட்டுக்கு, ஒன்று பேட்டரிக்கு.

மெலானியோ எட்டி நின்று பார்த்தார். "என்ன மச்சான், என் வண்டிக்கு மூக்குக்கண்ணாடி போட வந்தியா?"

"அத்தான், உங்க வண்டி என்னைவிட வயசானது. அதுக்குக் கண்ணாடி என்ன, பல்செட்டே வைக்கலாம்."

"என் காது இருக்கறப்போ இதெல்லாம் எதுக்கு?"

ஒனேலியா குனிந்து வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தெல்ஃபின் திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான்.

டேஷ்போர்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு காலமே கொட்டியது. எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சு, காய்ந்த பல்லி, யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைக் காலணி, கரப்பான் முட்டைகள். ஒயர்களெல்லாம் ஒரே நிறத்துக்கு வந்திருந்தன. சில இடங்களில் புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

"இதை யாரு சுத்தினது?" என்றான் தெல்ஃபின்.

"நான்தான்," என்றாள் ஒனேலியா. "பெரியவன் பிறந்தப்போ. ஆஸ்பத்திரிக்குப் போற வழில விளக்கு அணைஞ்சுபோச்சு. என் கைல அதுதான் இருந்தது."

"இத்தனை வருஷமா தீப்பிடிக்காம இருந்ததுக்கு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துங்க."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டகையின் ஓரத்தில் அடுப்பு மூட்டி ஒனேலியா வாழைக்காயை வேகவைத்து, வெண்ணெய் விட்டு மசித்து, அதன்மேல் வறுத்த சலாமித் தொத்திறைச்சித் துண்டுகளையும் வெங்காயத்தையும் போட்டுத் தந்தாள். நின்றபடியே சாப்பிட்டோம். மெலானியோ தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தெல்ஃபின் ஒவ்வொரு திருகாணியையும் எங்கே வைக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கு ஊசி போடும்போது சொந்தக்காரன் நிற்கிற மாதிரி நின்றார்.

எண்ணெய் மீட்டருக்கு எஞ்சினிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று உள்ளே வர வேண்டும். அதற்காக எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் தெல்ஃபின் துளை போட்டான். துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் வைத்தான்.

"இது எதுக்கு?" மெலானியோ கேட்டார்.

"தகடு குழாயை அறுத்துரும். அறுத்தா, கொதிக்கிற எண்ணெய் உங்க கால்ல ஊத்தும்."

"கால்ல ஒட்டுமா? ஒட்டினா என்ன?"

"ஒட்டும் இல்ல அத்தான். ஊத்தும், ஊத்தும்."

"சரி சரி. ஏன் கத்துற?"

குழாயை இழுத்து, இணைப்பில் வெள்ளை டேப்பைச் சுற்றி முறுக்கி, மூன்று மீட்டரையும் ஒரு கறுப்புத் தகட்டில் பொருத்தி, டேஷ்போர்டின் அடியில் முடுக்கினான். மதியம் தாண்டிவிட்டது. தெல்ஃபின் மீண்டும் அடியில் நுழைந்து மல்லாந்து படுத்துக்கொண்டான். காலிரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அத்தான், ஸ்டார்ட் பண்ணுங்க."

ஒனேலியா மெலானியோவின் தோளைத் தொட்டுச் சாவியைக் காட்டினாள். திருகினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. சின்ன நடுக்கத்தோடு சீராக ஓடியது. எண்ணெய் முள் படக்கென்று எழுந்து நடுவில் நின்று மெல்ல ஆடியது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. அப்போதுதான் தகரத்தில் மழை வலுத்தது. அந்த இரைச்சலுக்கும் இருக்கையின் நடுக்கத்துக்கும் இடையில் மெலானியோவுக்கு என்ன தோன்றியதோ, இன்னும் பிடிக்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். மறுபடியும் சாவியைத் திருகினார்.

ஓடுகிற எஞ்சினில் செல்ஃப் அடித்தால் பல்லோடு பல் மோதிக் கிரீச்சென்று ஒரு சத்தம் வருமே, கேட்டவர்களுக்குத் தெரியும். அறுபடுகிற பன்றி போடுகிற சத்தம். நான் காதைப் பொத்திக்கொண்டேன். கடைப் படியில் கிடந்த நாய் எழுந்து ஓடியது. தெல்ஃபின் துள்ளியதில் அவன் நெற்றி கம்பியில் இடித்து ரத்தம் வந்தது. மெலானியோ சாவியை விடவில்லை. இன்னும் கொஞ்சம் திருகிப் பிடித்தார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அமைதியாக, பொறுமையாக, எஞ்சின் பிடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக. சாவியிலிருந்து கையை எடுத்தார்.

தெல்ஃபின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்து தன் அக்காவைப் பார்த்தான். மெலானியோ இறங்கி, மழையில் நனைந்துகொண்டே போய் வேலியோரம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒனேலியா போகவில்லை. அடுப்பில் காப்பி வைத்தாள். கொதித்து இறங்குகிற நேரத்துக்கு அவரே வந்தார்.

"ரொம்பத் தூரம் போயிருச்சு," என்றார். காதைத் தொட்டுக் காட்டினார். "ஊருக்கு வெளியே யாரோ பேசுற மாதிரி இருக்கு எல்லாம்." காப்பியை வாங்கிக்கொண்டு தெல்ஃபினிடம் சொன்னார்: "நெத்தியைத் துடை மச்சான். அந்த முள்ளு எங்க நின்னா நல்லது, எங்க நின்னா கெட்டதுன்னு காட்டு."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவரைப் பிடிக்க முடியவில்லை. புதுக் கல்யாணக்காரன் மாதிரி இருந்தார். ஏறுகிறவர்களிடமெல்லாம் முள்ளைக் காட்டினார். "பாரு, ஏத்தத்துல நாப்பது. இறக்கத்துல முப்பது. ராணி மாதிரி இருக்கா!" என்பார். முள் கொஞ்சம் ஆடினாலும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்ப்பார். ஒனேலியாவும் கூடவே வர ஆரம்பித்தாள். எனக்கும் அவருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்காருவாள். வளைவில் எதிரே ஹாரன் கேட்டால் அவர் தொடையில் ஒரு தட்டு. பின்னால் கூரையைத் தட்டினால் இரண்டு தட்டு. ஆட்கள் சிரித்தார்கள். "கிழவன் கிழவிக்குக் காதல் பொங்குது," என்றார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டார்கள்.

ஆனால் எங்கள் சாலையில் எஞ்சின் மட்டும் பேசுவதில்லை.

பாதி மலையில் 'உடைந்த தோள்' என்று ஒரு வளைவு. மேலே மொட்டைச் சரிவு, கீழே பள்ளம். நீண்ட மழையில் அங்கே வருகிற வண்டிகள் நின்றுவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு யாராவது ஒருவர் இறங்கி நின்று கேட்பார். சரியப்போகிற மண் முதலில் உள்ளுக்குள் பேசும். காப்பிக்கொட்டை வறுபடும்போது வெடிக்குமே, அந்த மாதிரி டப் டப்பென்று சின்னச் சின்ன சத்தம். கேட்டால் போகக் கூடாது. அந்த இடத்தில் மெலானியோ இருந்தால் வேறு யாரும் இறங்குவதில்லை. அவர் தலையைச் சாய்த்து நிற்பார். 'போகலாம்' என்றால் போவோம்.

அந்த வெள்ளிக்கிழமை வளைவில் ஏற்கெனவே நான்கைந்து வண்டிகள் நின்றிருந்தன. முன்னால் தீர்சோவின் மினி பஸ். தீர்சோ வாய்த்துடுக்குக்காரன், நேரத்துக்கு ஓட்டுகிறவன். எங்களைப் பார்த்ததும் கை தட்டினான்.

"வந்தாரய்யா நம்ம டாக்டர்! இறங்கி மலைக்கு நாடி பாரு, நேரமாச்சு!"

ஒனேலியாவின் கை அவர் தொடைமேல் இருந்தது. அதை விலக்கிவிட்டு மெலானியோ இறங்கினார். எல்லா எஞ்சினும் அணைந்தன. தூறல். அவர் தொப்பியைக் கழற்றி, எப்போதும்போலத் தலையைச் சாய்த்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை உயர்த்தினார்.

"போகலாம்."

போனோம். ஒவ்வொரு வண்டியாக, அந்தச் சரிவின் அடியில். எங்கள் வண்டி நடுவளைவில் இருக்கும்போது ஒனேலியா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வளைவைத் தாண்டியதும் தீர்சோ ஹாரன் அடித்து நன்றி சொன்னான்.

சந்தையில் வண்டியை நிறுத்தி ஆட்கள் இறங்கும்வரை ஒனேலியா காத்திருந்தாள். பிறகு அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"உனக்கு என்ன கேட்டுது?"

"ஒண்ணும் கேக்கலை. அதனாலதான போகலாம்னேன்."

"கேக்கலையா, கேக்க முடியலையா?"

அவர் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்தார்.

"மெலானியோ, எனக்குக் கேட்டுது. ரெண்டு தடவை. வண்டிக்குள்ள உக்காந்திருந்தும் கேட்டுது. நீ கையைத் தூக்கிட்ட."

"நீ ஏன் சொல்லலை?"

"முப்பது பேர் முன்னாடி நான் என்னத்தைச் சொல்ல? என் புருஷன் செவிடுன்னா? நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் மீட்டரைப் பார்த்தார். வண்டி அணைந்திருந்தது. முட்களெல்லாம் படுத்திருந்தன. "அத்தனை பேரும் என்னைப் பாத்துக்கிட்டு நிக்கும்போது," என்று தொடங்கினார், முடிக்கவில்லை. அன்று ஏறி வரும்போது பாட்டு எதுவும் முணுமுணுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் மழை. அதே வளைவு, இன்னும் நீண்ட வரிசை. சரிவின் உச்சியில் ஒரு பைன் மரம் புதிதாகச் சாய்ந்திருந்தது. தீர்சோ பஸ்சின் படியில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டான். மெலானியோ இறங்கிப் போனார். ஆனால் தொப்பியைக் கழற்றவில்லை. எல்லோருக்கும் நடுவில் நின்று சொன்னார்:

"என்னை நம்பாதீங்க. எனக்குக் காது கேக்கலை. கொஞ்ச மாசமாவே இல்ல."

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தீர்சோ படியிலிருந்து இறங்கினான். "அப்போ போன வாரம்?"

"போன வாரமும் கேக்கலை."

"செவிட்டுக் காதை வெச்சுக்கிட்டா எங்களை அதுக்கடியில அனுப்பின? என் வண்டில புள்ளைங்க இருந்தாங்கய்யா!"

"ஆமா," என்றார் மெலானியோ.

தீர்சோ அவரை அடித்துவிடுவான் என்று நினைத்தேன். காறித் துப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டான். அது அடியைவிட மோசமாக இருந்தது. ஒனேலியா இறங்கிவந்து புருஷனின் பக்கத்தில் நின்றாள். தலையைச் சாய்த்தாள்.

"பேசாம இருங்க கொஞ்ச நேரம்," என்றாள்.

"இப்ப பெண்டாட்டி டாக்டரா?" பின்னாலிருந்து ஒரு குரல்.

"கேக்குது," என்றாள் அவள். "போகாதீங்க. உள்ள வெடிக்குது."

"எனக்கு மழைதான் கேக்குது," என்றான் தீர்சோ. பஸ்சில் ஏறினான். கிளம்பி, சரிவுக்கடியில் நிதானமாகவே போய், அந்தப் பக்கம் நின்று நீளமாக ஒரு ஹாரன் அடித்தான். அடுத்த லாரிக்காரன் எஞ்சினைப் போட்டான். மெலானியோ ஓடிவந்து, எங்கள் பிக்கப்பைச் சாலைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்திச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அங்கே கேட்ட வசவுகளை நான் எழுத முடியாது. அவருக்கு அவை கேட்கவில்லை. ஆனால் வாய்களைப் பார்க்கத் தெரிந்துவிட்டதே. வெகுநேரம் காத்திருந்தோம். சரிவு அப்படியே இருந்தது. ஒரு கல்கூட உருளவில்லை. ஆட்கள் பொறுமை இழந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே கடக்கத் தொடங்கினார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி போனாள். ஒவ்வொருவர் போகும்போதும் மெலானியோவின் கண் மேலே பைன் மரத்துக்கும் கீழே அவர்களுக்குமாகப் போய் வந்தது. எல்லோரும் பத்திரமாகக் கடந்தார்கள். கடைசியில் அவர் வண்டியை ஓரங்கட்டினார். லாரிகள் போயின. நாங்கள் மூவர் மட்டும் திரும்பி வந்தோம்.

ஒனேலியா வழியில் ஒரே ஒரு தடவை பேசினாள். "எனக்குக் கேட்டுதுக்கா. சத்தியமா."

அவர் வண்டியில் யாரும் ஏறவில்லை. முட்டைக்கோஸ் வியாபாரிகள் தீர்சோவின் பஸ் கூரைக்கு மாறினார்கள். காலையில் எழுந்து மெலானியோ எஞ்சினைப் போட்டு, முட்கள் எழுவதைப் பார்த்து, அணைத்துவிடுவார். கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தாமலேயே அவரைப் பற்றி அவர் எதிரில் பேசினார்கள். அந்த வீட்டில் அடுப்புப் புகை ஒருவேளைதான் தெரிந்தது. நான் பருப்பும் அரிசியும் கொடுத்தனுப்பினேன், ஒனேலியா வாங்கிக்கொண்டாள். அதற்கு முன் அவள் அப்படி வாங்கியவள் இல்லை. சரக்கு எடுக்க நானும் தீர்சோவின் பஸ்சில்தான் போனேன். 'உடைந்த தோளை'த் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

கிறிஸ்துமஸுக்கு முன் மழை நின்றது. வெயில் வந்தது. மண் வெளுத்துப் பொருக்கு விட்டது. இனி பயமில்லை என்றார்கள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பளீரென்று வெயில். தெல்ஃபின் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். ஒனேலியா என் கடை வாசலில் நின்று வினிகர் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிரே அவர்கள் முற்றத்தில் மெலானியோ வெறுங்காலோடு கோழிக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார். குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கேட்டது. நெடுநேரம் நீண்ட, அடித்தொண்டை உறுமல். கடையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின.

"விழுந்துருச்சு," என்றார் மெலானியோ.

ஊரே சாலைக்கு ஓடிவந்தது. கொஞ்ச நேரத்தில் தீர்சோவின் பஸ் உடம்பெல்லாம் செம்புழுதி படிந்து ஏறி வந்தது. தீர்சோ இறங்கினான், பஸ்சின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குப் பின்னாடியே விழுந்தது. கண்ணாடில பாத்தேன். சாலையே இல்ல." வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். "என் பின்னாடி ஒரு மோட்டார் சைக்கிள் வந்துக்கிட்டிருந்தது. நான்தான் வழி விடலை. பின்சீட்டுல ஏதோ பெட்டி கட்டியிருந்தான்."

வினிகர் பாட்டில் ஒனேலியாவின் கையிலிருந்து விழுந்தது.

மெலானியோவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். வண்டியை எடுத்தார். அவள் ஏறினாள், நான் ஏறினேன். இத்தனை நாள் ஏறாத ஆட்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் பின்னால் ஏறினார்கள். தீர்சோவும் ஏறினான். போகிற வழியில் அவள் அவர் தொடையைத் தட்டவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்து, ஒன்றையொன்று பிசைந்துகொண்டே வந்தாள்.

வளைவுக்கு முன்பே சாலை முடிந்துவிட்டது. மண்ணும் பாறையும் வேரோடு புரண்ட மரங்களும் குவிந்து, அதற்கு மேலே செம்புழுதி மேகம்போல நின்றது. அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. மேலே மிச்சமிருந்த பாதிச் சரிவு பச்சைப் புண்ணாகத் தொங்கியது. ஆட்கள் குதித்து இறங்கி மண்ணை நோக்கி ஓடினார்கள். மெலானியோ கையை விரித்துத் தடுத்தார்.

"யாராவது கூப்பிடறாங்களா?" என்று ஒனேலியாவிடம் கேட்டார்.

அவள் தலையைச் சாய்த்தாள். கேட்டாள்.

"இல்ல."

"நல்லாக் கேளு. அவசரப்படாத."

மண்வெட்டியோடு ஓடியவர்களெல்லாம் அசையாமல் நின்றார்கள். நானும் கேட்டேன். எங்கேயோ சின்னச் சின்னக் கற்கள் உருண்டு நிற்கிற சத்தம். பள்ளத்தில் ஓடை. அவ்வளவுதான். ஒனேலியா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவள் கை நீண்டு மெலானியோவின் சட்டையைப் பிடித்தது.

புழுதிக்கு அந்தப் பக்கம், தொலைவில், மோட்டார் சைக்கிள் ஹாரன். சளி பிடித்த மாதிரி இரண்டு தடவை.

புழுதி மெல்ல இறங்கியது. சாலையின் மறுமுனையில் ஒரு சின்ன உருவம். கையில் எண்ணெய்க் காகிதப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு கத்தியது. "அக்கா! நான்தான்! வழியில வறுத்த பன்னிக்கறி வாங்க நின்னுட்டேன்! அத்தானுக்குப் பிடிக்குமேன்னு! அக்கா, கேக்குதா?"

எங்கள் பக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். தீர்சோ மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஒனேலியா சிரித்தாள், அழுதாள், இரண்டு கைகளையும் ஆட்டினாள். மெலானியோ அவள் தோளைத் திருப்பினார்.

"என்ன சொல்றான்?"

"உனக்குக் கறி வாங்கினானாம். அதுக்காக நின்னானாம்."

மெலானியோ அண்ணாந்து மேலே தொங்குகிற பாதிச் சரிவைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"கத்த வேண்டாம்னு சொல்லு," என்றார் மெதுவாக. "இவங்களையும் வாயை மூடச் சொல்லு. மலை கேட்டுக்கிட்டு இருக்கு."

ஒனேலியா விரலை உதட்டில் வைத்தாள். முதலில் எங்களைப் பார்த்து, பிறகு அந்தப் பக்கம் இருந்த தம்பியைப் பார்த்து. தெல்ஃபின் பொட்டலத்தோடு கையைத் தாழ்த்தினான். தீர்சோ எழுந்து வாயைப் பொத்திக்கொண்டான். கடப்பாரை கல்லில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, அடிமேல் அடி வைத்து நாங்கள் வண்டிக்குத் திரும்பி நடந்தோம்.